அளவு பொருந்திய ஸ்பிரிங்

கதிரேசன் கொடுத்துவிட்டுப் போன ரிவால்வர் அவன் அப்பாவுடையது. அதைச் செய்த கம்பெனி மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. துப்பாக்கி பழுதுபார்க்கும் காசிம் ராவுத்தர் அதன் செத்துப்போன ஸ்பிரிங்குக்கு மாற்று மூன்று மாதம் தேடி, ஏழெட்டு ஸ்பிரிங்குகளைப் போட்டுப் பார்த்து அலுத்த பிறகு, ஊட்டியில் ஒரு ஓட்டைத் துப்பாக்கியிலிருந்து கழற்றிய ஒன்று சொல்லிவைத்தாற்போல் பொருந்தியது.

அன்று மத்தியானமே கதிரேசனின் அம்மா தனியாக வந்தாள்.

"சரியாயிடுச்சா பாய்?"

"இப்பத்தாம்மா முடிச்சேன்."

அவள் உட்காரவில்லை. "கதிரேசன் அப்பா ஒருநாள் அந்தத் துப்பாக்கியத் தன் மேலயே வெச்சு அழுத்தினாரு. சுடல. அதுக்கப்புறம் பதினாலு வருசம் எங்களோட இருந்தாரு. பையனுக்கு அது தெரியாது. இப்ப இவனும் அவரை மாதிரியே பேச்சில்லாம உட்கார்ந்திருக்கான்."

அவள் போனதும் ராவுத்தர் ஸ்பிரிங்கைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். பிறகு கதிரேசனுக்குப் போன் செய்தார்.

"கிடைக்கல தம்பி. இனிமே கிடைக்கவும் கிடைக்காது."

கதிரேசன் விடவில்லை.

"பரவாயில்ல பாய். வேற யார்கிட்ட கேக்கலாம்?"

"போன்ல வேணாம், நேர்ல வா, சொல்றேன்" என்றார் ராவுத்தர். "இப்பவே கிளம்பி வா."

கடை வாசலில் இன்னொரு நாற்காலியை எடுத்துப் போட்டார். என்ன சொல்லப்போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.