மாடியில் நடக்கிற கூட்டம்

பேருந்து நடத்துநர் குலோத்துங்கன் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாக அந்தத் தெருமுனைவரை வந்து, வழி கேட்கக் கூச்சப்பட்டுத் திரும்பிப் போயிருந்தார். மூன்றாம் ஞாயிறு, கை நடுக்கம் தாளாமல், இஸ்திரி வண்டிக்காரப் பெண்ணிடம் போய், "அக்கா, இங்க ஏதோ கூட்டம் நடக்குதாமே..." என்று இழுத்தார்.

"என்ன கூட்டம்? ஜெபக் கூட்டமா?"

"இல்லக்கா. இந்தப் பழக்கத்தை விடுறதுக்கு..."

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எதிரே இருந்த தையல்கடையைப் பார்த்துக் கத்தினாள். "அண்ணே! குடிகாரங்க கூட்டம் எந்த மாடி? இவரு குடியை விடணுமாம்!"

தெருவே திரும்பிப் பார்த்தது. தையல்காரர் கத்தரிக்கோலால் ஒரு மாடிப்படியைக் காட்டினார். ஜன்னலிலிருந்து ஓர் அம்மாள், "செருப்பைக் கீழயே விட்டுட்டுப் போங்க" என்றாள். இனித் திரும்பி ஓடினால் அசிங்கம். குலோத்துங்கன் ஏறினார்.

மேலே பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "பயப்படாம பேசுங்க. நீங்க இங்க வந்தது ஒரு காக்கா குருவிக்குக்கூடத் தெரியாது" என்றார் கூட்டத்தை நடத்தியவர். குலோத்துங்கனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப்போய் அழுகை வந்துவிட்டது. மகளின் நிச்சயதார்த்தத்தில் தாம்பாளத்தோடு சம்பந்தி மேல் விழுந்ததுவரை எல்லாவற்றையும் அழுதபடியே சொல்லி முடித்தார்.

ஒரு மணி நேரம் கழித்து அவர் இறங்கி வந்தபோது, யாரும் நகர்ந்ததாகத் தெரியவில்லை.

"விட்டாச்சா தம்பி?" என்றாள் இஸ்திரிக்காரி.

"இன்னைக்கு விட்டாச்சுக்கா."

"அப்ப நாளைக்கு?" என்றார் தையல்காரர்.

"அதை நாளைக்குத்தாண்ணே சொல்ல முடியும்."

"சரி, நாளைக்கும் வந்து சொல்லிட்டுப் போ" என்று அவள் அடுத்த சட்டையை உதறினாள்.