புது மெஷின்

ஒரகடம் பல் கிளினிக்கில் உதவியாளராகச் சேர்ந்த இரண்டு வருடத்தில், தங்கமாரி தன் தம்பியை அந்தப் பக்கமே வரவிட்டதில்லை. ஒருவர் வாயில் வைத்த கருவியைச் சோப்புத் தண்ணீரில் அலசி அடுத்தவர் வாயில் வைக்கிற இடம் அது.

இன்று காலை, கருவிகளை நீராவியில் சுத்தம் செய்யும் மெஷின் வந்து இறங்கியதும், முதல் வேலையாகத் தம்பிக்குப் போன் போட்டாள்.

"எலே இசக்கி, இனி பயமில்ல. நைட் ஷிப்ட் முடிஞ்சிட்டுல்லா, நேரா இங்க வா. அந்தப் பல்லப் பிடுங்கிரலாம்."

பதினொரு மணிக்குச் சுகாதார ஆய்வுக்கு அதிகாரி வந்தார். மெஷினைத் திறந்து பார்த்தார், போட்டோ எடுத்தார், 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தங்கமாரிக்கு அவரைக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

அதற்குள் இசக்கியப்பன் கம்பெனிச் சட்டையோடு வந்து, உள்ளே நாற்காலியில் சாய்ந்துவிட்டான்.

அதிகாரிக்கு டீ வாங்கி வந்தவள் வாசலிலேயே நின்றாள். இரண்டு பேர் மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இது எங்க போகுது சார்?"

அதிகாரி டீயை வாங்கி நிதானமாக ஆற்றினார். "சேரப்பணஞ்சேரி கிளினிக்குக்கும்மா. அடுத்த செக்கிங் அங்கதான். மெஷின் மொதல்ல போய் எறங்கட்டும், நான் குடிச்சிட்டு மெதுவா போறேன்."

உள்ளேயிருந்து டாக்டர் குரல் கொடுத்தார். "மாரி, பல்லு புடுங்குற குறடு கொண்டாம்மா."

தங்கமாரி வெறுங்கையோடு உள்ளே போய்த் தம்பியின் தோளைப் பிடித்து எழுப்பினாள்.

"எந்திரிலே. போவோம்."

வெளியே பெஞ்சில் காத்திருந்தவர், தன் முறை இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் எழுந்து உள்ளே போனார்.