இன்னும் ஒரே ஒரு பாடம்

கார் நின்ற பிறகும் ரோல்ஃப் இறங்கவில்லை. பனிக்குல்லாயைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இறங்குடா! இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடுறேன்" என்றாள் அவன் அம்மா மார்லிஸ்.

"நான் ஒழுங்காத்தாம்மா படிக்கிறேன். சொன்னா நம்ப மாட்டேங்கிறியே."

எப்படி நம்புவாள்? நாலு வருஷப் படிப்பில் இது எட்டாவது வருஷம். அவனோடு பள்ளிக்கூடம் போனவர்கள் தங்கள் பிள்ளைகளை ஹாக்கி பழகக் கூட்டிப்போகிறார்கள். இவன் இன்னும் அவள் வீட்டுக் கீழ்த்தளத்தில் படுத்துக் கிடக்கிறான்.

துலூத் நகரத்தில் ஒரு பள்ளியில் வாத்தியார் வேலை அவனுக்காகக் காத்திருந்தது. பட்டம் கைக்கு வராவிட்டால் வெள்ளிக்கிழமையோடு அதுவும் வேறு எவனுக்காவது போய்விடும்.

முதலில் கல்லூரி அலுவலகத்தில் கேட்டாள். "ஒரு பையன் எத்தனை வருஷம்தாங்க காலேஜ்ல இருக்கலாம்?"

"ஃபீஸ் கட்டுற வரைக்கும் இருக்கலாம். நாங்க யாரையும் விரட்டுறதில்லை" என்று சிரித்தாள் அங்கிருந்த பெண்.

ரோல்ஃப் படிக்கும் நார்வே மொழித் துறை மாடியில் ஒரு கோடியில் இருந்தது. துறைத் தலைவர் ஹால்வர்சன் எழுந்து வந்து அவள் கோட்டை வாங்கி மாட்டினார், தன் கையாலேயே காபி ஊற்றிக் கொடுத்தார். அவர்கள் மாநிலமான மினசோட்டாவில் கெட்ட செய்தியைக் காபி இல்லாமல் யாரும் சொல்ல மாட்டார்கள். அவளுக்குத் திக்கென்றது.

பக்கத்து அறையிலிருந்து பேராசிரியை சிக்ரிட் கேக் தட்டோடு வந்தாள். "ரோல்ஃப், திராட்சை போடலப்பா. உனக்குத்தான் பிடிக்காதே." அவள் பின்னாலேயே இன்னொரு பேராசிரியர் வந்து, அவனுக்குச் சளி விட்டதா என்று விசாரித்தார்.

இத்தனை செல்லம் கொடுத்தால் எவன் உருப்படுவான் என்று மார்லிஸ் பொருமினாள்.

"நேராவே கேட்கிறேன். என் பையன் மக்கா?"

"ஐயய்யோ, அப்படிச் சொல்லாதீங்க" என்று பதறினார் ஹால்வர்சன். "தங்கமான பையன். எல்லாப் பாடத்துலயும் இவன்தான் முதல்."

மார்லிஸ் மகனைப் பார்த்தாள். அவன் சங்கடத்தோடு கேக்கை விண்டுகொண்டிருந்தான். யாரையும் குறை சொல்லத் தெரியாத பிள்ளை.

"அப்புறம் ஏன் பட்டம் கொடுக்கல?"

"இன்னும் ஒரே ஒரு பாடம் பாக்கி இருக்கு."

"போன வருஷமும் இதையேதானே சொன்னீங்க?"

"அது வேற பாடம். இது புதுசாச் சேர்த்தது."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"அதுவும்... அப்போ புதுசாச் சேர்த்ததுதான்." ஹால்வர்சன் தன் காபிக் கோப்பைக்குள் பார்த்தபடி பேசினார்.

மார்லிஸ் மேசையில் ஓங்கித் தட்டினாள். அந்த மாடியில் ஒருவர் குரலை உயர்த்துவது அதுதான் முதல் தடவையாக இருக்கும். "என் பையன் வாழ்க்கை வீணாப் போயிட்டிருக்கு! இந்தப் புதுப்பாடமெல்லாம் மத்தப் பசங்களுக்கும் உண்டா, இவனுக்கு மட்டும்தானா?"

மூன்று பேராசிரியர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிக்ரிட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. ஹால்வர்சன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மத்தப் பசங்க யாரும்மா இருக்காங்க? இவனும் போயிட்டா துறையையே இழுத்து மூடிடுவாங்க."