தொட்டியா, ஷவரா?

“பாத்ரூம் தொட்டிய இடிச்சுட்டு ஷவர் வெச்சுடலாங்க.” சினேகா மறுபடியும் ஆரம்பித்தாள்.

மாறனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நல்லா இருக்கறத எதுக்கு இடிக்கணும்? பௌர்ணமிக்கு உங்க வீட்டாளுங்க மலை சுத்த வந்தா அந்தத் தொட்டிதான் கைகொடுக்குது. ஷவருக்குத் தண்ணி ஜாஸ்தி செலவாவும்.”

“ஆவட்டும்.”

“மொண்டு ஊத்திக்கினாதான் எனக்குக் குளிச்ச மாதிரி இருக்கும்.”

“மொண்டு ஊத்தறப்ப நடுநடுவுல சத்தம் நின்னுடுதுங்க.”

“நின்னா என்ன?”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “நம்ம மூத்த புள்ளைய அடக்கம் பண்ணிட்டு வந்ததிலேர்ந்து, நீங்க உள்ள அழறது வெளிய கேக்குது. சின்னவ ஓவியா பயந்துபோய் கதவோரமே நிக்கறா. ஷவர்னா நிக்காம கொட்டும். மனசு விட்டு அழுதுட்டு வாங்க.”

மாறன் பாத்ரூம் கதவோரத்தைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கேட்டான்.

“நீ எங்க அழற?”

“எனக்கு மிக்சி இருக்குதுங்க.”