வாசல் வரை

கால் அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவருக்கு மருத்துவ வாரியம் இப்போது தேர்வு வைப்பதில்லை. அவர் வெட்டித் தைத்த கால்கள் நடந்தால்தான் சான்றிதழ். டாக்டர் பெனிட்டாவுக்குப் பாக்கி இருந்தது சூசைராஜின் கால் ஒன்றுதான். புண் ஆறிவிட்டது. ஆனால் பாதத்துக்குள் வைத்த, அடிகளை எண்ணும் மின்னணுச் சில்லு, அவர் ஓர் எட்டும் வைக்கவில்லை என்றே வாரியத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. நாளை கெடு.

வீடு தேடிப் போய்க் கெஞ்சினாள். அவர் நாற்காலியை விட்டு அசையவில்லை. வழியனுப்பவாவது எழுந்து வரமாட்டாரா என்று, "அப்ப நான் போயிட்டு வாரேன் ஐயா" என்று உரக்கச் சொல்லிவிட்டு வாசலில் நின்றாள்.

"தப்பா நெனைக்காதீங்க டாக்டரம்மா," என்றார் உட்கார்ந்தபடியே. "எம் பொஞ்சாதியக் கல்லறைக்குத் தூக்கிட்டுப் போன அன்னைக்கு, காலை ஊனவே கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? அவள வழியனுப்பவே வாசல் வரைக்கும் வராத காலு இது."