வாரத்தில் ஐந்து விரதம்

ஐந்தரைக்கு எழுகிறேன். பால் பாக்கெட்டை வெட்டி அடுப்பில் வைக்கிறேன். பொங்கும்வரை நிற்கிறேன்.

நாள்காட்டியில் நேற்றைக் கிழிக்கிறேன்.

தாளின் அடியில் பொடி எழுத்தில் அன்றைய விசேஷம் இருக்கும். சஷ்டி, பிரதோஷம், ஏகாதசி. இந்த வீட்டில் அதைப் படித்தவள் அவள் மட்டும்தான். படித்துவிட்டு, ஈரத் தலையோடு சமையலறைக்குள் வந்து அம்மாவிடம் சொல்வாள்.

"எனக்கு வேண்டாங்க அத்தை. இன்னிக்கு விரதம்."

இன்று ஒன்றுமில்லை.

இட்லிக்கு ஊற்றுகிறேன். அம்மாவுக்கு மூன்று. எனக்கு நான்கு.

எங்கள் திருமணத்தின்போது அவள் எம்.எஸ்சி. வேதியியல் முதலாண்டு. படிப்பை நிறுத்தச் சொல்லக்கூடாது என்பது அவள் போட்ட ஒரே நிபந்தனை.

இரண்டாம் மாதம் கல்லூரியில் விழா. கல்யாண ரவிக்கையில் கொக்கி சேரவில்லை. ஊக்கு குத்திக்கொண்டு போனாள்.

மாலையில் வந்து சொன்னாள். தாரிணி என்று வகுப்பில் ஒருத்தி கேட்டாளாம்.

"ஏன்டி, மாமியா வூட்டுல ஆட்டுக்கல்லையே முழுங்கிட்டயா?"

எல்லாரும் சிரித்தார்களாம்.

நானும் சிரித்தேன்.

அந்த வாரம் செவ்வாய் விரதம் தொடங்கியது. முருகனுக்கு. பிறகு வெள்ளி, அம்மனுக்கு. சனி, பெருமாளுக்கு. திங்கள், சிவனுக்கு. வியாழன் யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

எல்லாம் என் ஆயுளுக்காக என்றாள்.

அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிப் பூரித்தார். "காலேஜுக்குப் போற புள்ளைக எதாச்சும் இப்படி வாயக் கட்டுமா? எம்பட மருமவளப் பாருங்க."

நான் அலுவலகத்தில் சொன்னேன்.

அந்த ரவிக்கையை மூன்று முறை பிடித்துத் தைத்தாள். ஒவ்வொரு முறையும் போட்டுக் காட்டினாள். அழகாக இருக்கிறாய் என்றேன். பொய் சொல்லவில்லை.

ஒரு புதன்கிழமை, ஆய்வகத்தில் விழுந்துவிட்டாள் என்று கல்லூரியிலிருந்து அழைத்தார்கள். நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

உடம்பில் பொட்டாசியம் மிகக் குறைந்துபோயிருக்கிறது, அதில்தான் இதயம் நின்றது என்றார் டாக்டர். எனக்கு அதெல்லாம் தெரியாது. அவளுக்குத் தெரியும். அவள் படித்ததே அதுதான்.

"கடைசியா எப்ப சாப்பிட்டாங்க?"

விரதம் என்றேன்.

"எந்தெந்த நாள்ல இருப்பாங்க?"

விரல் மடக்கிச் சொன்னேன். திங்கள். செவ்வாய். வியாழன். வெள்ளி. சனி. ஒரு கை முடிந்தது.

"இன்னிக்குப் புதனாச்சே."

"இன்னிக்கு சஷ்டிங்க."

அந்த வாரத்தில் ஞாயிறு மட்டும் மிச்சமிருந்தது. ஞாயிறன்று வீட்டில் கறிக்குழம்பு. அம்மாவுக்கும் எனக்கும் பரிமாறிவிட்டு, அப்புறம் சாப்பிடுவாள்.

அந்த அப்புறத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

டாக்டர் எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

அம்மா இன்னும் அதைப் பக்தி என்றே நம்புகிறார். துக்கம் கேட்க வருகிறவர்களிடம், அந்தச் சாமிகளில் ஒன்றுக்குக்கூடக் கண்ணில்லை என்று அழுகிறார். நான் திருத்துவதில்லை.

அந்தப் புதன்கிழமை காலையும் நான்தான் பைக்கில் கொண்டுபோய் விட்டேன்.

கல்லூரி வாசலில் நிறுத்தினேன். இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டேன். அவள் இறங்கட்டும் என்று, வண்டியை இறுகப் பிடித்தபடி காத்திருந்தேன்.

அவள் எனக்கு எதிரில் வந்து நின்றாள்.

முகமெல்லாம் சிரிப்பு. அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை.

"நான் எறங்கி எத்தன நேரமாச்சு. தெரியவே இல்லீங்களா?"