நிவேதிதாவின் நாக்கு

"சார், இதுலயும் இரும்பு அடிக்குது."

நிவேதிதா குவளையைக் கீழே வைத்தாள். ஞானசேகரன் அந்தக் குவளையையே பார்த்தார். காலையிலிருந்து இதே பதில்தான்.

அந்தக் குடிநீர் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவர் அவர். எத்தனை இயந்திரங்கள் சரி என்று சொன்னாலும், கடைசியில் ஒரு மனித நாக்கு சரி என்று சொல்லாமல் தண்ணீரை விடமாட்டார். அதற்கென்றே ஒரு சுவைக் குழு வைத்திருந்தார். அதில் நிவேதிதாவுக்கு ஈடு கிடையாது. மழைநீர், ஜொகூர் ஆற்றுநீர், மறுசுத்திகரித்த நீர், உப்பு நீக்கிய கடல்நீர் என்று நான்கையும் வரிசை மாற்றிக் கொடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்லிவிடுவாள். போன வருடம் ஒரு தொட்டித் தண்ணீரில் பெயின்ட் வாடை வருகிறது என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மறுவாரம் இயந்திரமும் அதையே சொன்னது. அன்று முதல், அவள் வேண்டாம் என்றால் ஞானசேகரனுக்கும் வேண்டாம்.

இன்றைக்குத்தான் இக்கட்டு. செம்பவாங் வட்டாரத்தில் புது அடுக்குமாடி புளோக்குகளுக்குக் குழாய் போட்டு முடித்தாயிற்று. சாயங்காலத்துக்குள் அவர் சரி சொன்னால், நாளைக்குக் குடும்பங்கள் சாவி வாங்கிப் பால் காய்ச்சிவிடும். சொல்லாவிட்டால் அத்தனை பேரும் மூட்டை முடிச்சோடு காத்திருக்க வேண்டியதுதான்.

போன் அடித்தது. செம்பவாங்கிலிருந்து பொறியாளர் நூர்தீன்.

"சார், திரும்ப தண்ணியைத் திறந்துவிட்டு லைனை ஃபிளஷ் பண்ணிட்டேன். குழாய் எல்லாம் புத்தம் புதுசு லா! துரு எங்கேருந்து வரும்?"

"நிவேதிதா இருக்குங்கறாளேப்பா."

"மெஷின் என்ன சொல்லுது?"

"இல்லைங்குது."

"அப்புறம் என்ன சார்? மேலேருந்து எனக்குப் போன் மேல போன் வருது!"

"வரட்டும். எனக்கும்தான் வருது," என்று போனை வைத்தார்.

கெமிஸ்ட் விசாலாட்சி அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "சார், அவளுக்குச் சொல்லாம வேற தண்ணி குடுத்துப் பார்ப்போமா?"

ஞானசேகரனுக்கு மனசே இல்லை. இத்தனை வருடம் நம்பிய நாக்கையே சோதிப்பதா? ஆனாலும் தலையாட்டினார்.

விசாலாட்சி புதிதாகக் குவளைகளை அடுக்கினாள். ஒன்றில் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர். மற்றொன்றில் ஆய்வுக்கூடத்தில் காய்ச்சி வடித்த நீர். அதில் இரும்பு இல்லை, உப்பு இல்லை, எதுவுமே இல்லை.

நிவேதிதா முதல் குவளையை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பினாள். முகம் சுளித்தது. "இரும்பு."

இரண்டாவதையும் சுவைத்தாள். "ஐயோ, இதுல இன்னும் ஜாஸ்தி சார். பழைய காசை வாயில போட்ட மாதிரி இருக்கு!"

விசாலாட்சியும் ஞானசேகரனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையே அவளுக்குச் சொல்லிவிட்டது.

"இது... செம்பவாங் தண்ணி இல்லையா?"

"இல்லம்மா," என்றார் ஞானசேகரன் மெதுவாக. "காய்ச்சி வடிச்சது."

நிவேதிதா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ கெட்டுப் போனது என் நாக்குதான். உங்களைக் காலையிலேருந்து அலைய விட்டுட்டேன். என்னைக் குழுவிலேருந்து எடுத்துடுங்க சார்."

"அவசரப்படாதேம்மா. ஜுரம் கிரம் இருந்தா நாக்கு அப்படித்தான் இருக்கும்."

"ஜுரம் இல்ல சார். ஒரு வாரமாவே இப்படித்தான். சாப்பாடும் பிடிக்கல. வேலை டென்ஷன்னு விட்டுட்டேன்." கண் கலங்கியது. "இந்த நாக்கு இல்லேன்னா இங்க எனக்கு என்ன சார் வேலை?"

ஞானசேகரன் ஒரு நாற்காலியை இழுத்து அவள் எதிரில் உட்கார்ந்தார். திறமைசாலி ஒருத்தி தன் திறமையைக் கண்ணெதிரே தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். என்ன சொல்லித் தேற்றுவது?

விசாலாட்சி மட்டும் அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சட்டென்று கைப்பையை எடுத்தாள்.

"சார், கொஞ்ச நேரம் குடுங்க. இன்னும் ஒரே ஒரு சாம்பிள் பாக்கி இருக்கு. அதையும் பார்த்துடுவோம். நிவேதிதா, வா என்கூட."

"எங்கக்கா?"

"வான்னா வா!"

இருவரும் போனார்கள். ஞானசேகரன் மற்ற சுவைஞர்களைக் கூப்பிட்டார். ஒவ்வொருவராகச் செம்பவாங் தண்ணீரைச் சுவைத்தார்கள். எல்லோருக்கும் நன்றாகவே இருந்தது. நூர்தீனுக்குச் சரி சொல்லிவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தபோது, கதவு படாரென்று திறந்தது.

மூச்சு வாங்க நின்றாள் விசாலாட்சி. "சார்! அந்த சாம்பிள் பாசிட்டிவ்!"

அவர் பதறிப்போனார். கிருமி இருந்தால் மட்டுமே அந்த ஆய்வுக்கூடத்தில் அப்படிச் சொல்வார்கள்.

"எந்தக் குழாய்? எந்த புளோக்? உடனே லைனை மூடச் சொல்லுங்க!"

"எதையும் மூட வேணாம் சார். தண்ணி அருமையா இருக்கு!" என்று சொல்லும்போதே விசாலாட்சிக்குக் குரல் தழுதழுத்தது.

அவளுக்குப் பின்னால் நிவேதிதா, கண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டு, கணவனிடம் போனில் கத்திக்கொண்டிருந்தாள்: "நாக்கு கெட்டுப் போகலைங்க, மாசமா இருந்தா சில பேருக்கு அப்படித்தான் இருக்குமாம்... ஆமாங்க, நமக்குத்தான், இத்தனை வருஷம் கழிச்சு நமக்கேதான்!"